தலவாக்கலையில் ஒரு மெல்லிசை நிலையம்

மத்திய அலை வானொலி இசைக்கு ஏற்றதன்று என்பர் ஒலிப்பொறியியல் அறிந்தோர். அவர்கள் கூற்றிற் பிழையில்லை. ஆயினும், 1950ஆம் ஆண்டிலிருந்து முப்பது நாற்பது ஆண்டுக்காலம் இலங்கையிலும் தமிழகத்திலும் எளிய மக்கள் கேட்ட இசையிற் பெரும்பங்கு அவ்வலையிலும் சிற்றலையிலுமே வந்து சேர்ந்தது. இசைக்கு ஏலாத வாகனத்தில் ஏறிவந்த இசை எவ்வாறு அத்தனை நெஞ்சங்களிற் குடிகொண்டது? இவ்வினா நெடுநாளாக என் மனத்தில் இருந்தது. அண்மையில், பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரொருவர், "தலவாக்கலையில் உமக்கொரு மத்திய அலை நிலையத்தைத் தந்து, மென்மையான ஜாஸ் இசையை மட்டும் ஒலிபரப்பும் என்றால் எப்படி நடத்துவீர்?" என்று விளையாட்டாகக் கேட்டார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கோ விளையாட்டு வினையாயிற்று. ஒரு நிலையத்தை நடத்துவதென்றால் என்ன என்று எண்ணப் புகுந்தவன், யாருக்காக நடத்துவது என்ற கேள்வியில் வந்து நின்றேன்.

முதலில் அலையின் இயல்பை நோக்குவோம். ஆசியாவில் மத்திய அலைக்கென ஒதுக்கப்பட்ட பரப்பு 531 கிலோஹேர்ட்ஸிலிருந்து 1602 கிலோஹேர்ட்ஸ் வரையாகும். அப்பரப்பில் நிலையங்கள் ஒன்பது ஒன்பது கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. தோட்டத்து லயத்தை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். பக்கத்துக் காம்பராவிற் குழந்தை உறங்கினால் நாம் குரலைத் தாழ்த்துகிறோம். அவ்வாறே ஒவ்வொரு நிலையமும், அயல் நிலையத்தின் எல்லைக்குட் புகாதிருக்கும்பொருட்டு, தன் ஒலியின் மேல்முனையைப் பொதுவாக நாலரைக் கிலோஹேர்ட்ஸ் அளவில் வெட்டிவிடுகின்றது. பண்பலையிலோ பதினைந்து கிலோஹேர்ட்ஸ் வரை ஒலி தடையின்றிச் செல்லும். ஆகவே மத்திய அலையிற் சதங்கையின் கலகலப்பு மங்கும். தம்புராவின் மேற்சுருதிகள் மறையும். ஜாஸ் குழுவிற் பித்தளைத் தட்டம் தரும் மினுமினுப்பு மணலைக் கொட்டினாற்போலக் கேட்கும்.

அப்படியாயின் எஞ்சுவது யாது? மனிதக் குரலின் நடுப்பகுதி எஞ்சும். சக்ஸபோனின் நெஞ்சுப்பகுதி எஞ்சும். புல்லாங்குழல், வயலின் ஆகியவற்றின் பாடும் பகுதி எஞ்சும். ஓரங்கள் உதிர்ந்து நடு நிற்கும் இசையென்று இதனைக் கூறலாம். கேட்பவனின் மனம் உதிர்ந்த ஓரங்களைத் தானே தைத்துக்கொள்கின்றது. அவ்வாறு தைத்துக்கொள்ளும் முயற்சியினாலேயே கேட்பவன் பாட்டிற் பங்காளியாகின்றான் என்று நான் கருதுகின்றேன். குறையாக வந்த பாட்டை நாங்கள் வாயால் முணுமுணுத்து நிறைவாக்கினோம். இன்று காதிற் செருகிய கருவியில் முழுமையாக வரும் பாட்டுக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவைப்படுவதில்லை.

மத்திய அலைக்கு இன்னொரு குணமும் உண்டு. பகலில் அது நிலத்தோடு ஒட்டிச் செல்லும். மேலே செல்லும் பகுதியை வளிமண்டலத்தின் கீழ் அயனப்படை உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்ததும் அப்படை கலைய, அலை அதற்கும் மேலுள்ள படையிற் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்கும். இதனாலேதான் பகலிற் கொழும்பை மட்டும் பிடித்த பெட்டி, இரவானதும் திருச்சிராப்பள்ளியையும் சென்னையையும் பிடித்தது. கடல் கடந்து வந்த குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல மெல்லத் தேயும், மறுபடியும் மேலெழும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை, "ஊர்ச் சத்தம் போய்ப்போய் வருது" என்பார்கள். அவர்கள் 'ஊர்' என்று சொன்னது பாட்டன் பூட்டன் விட்டுவந்த சிற்றூரை. அதைக் கண்ணாற் காணாதவர்களும் அவ்வாறே சொன்னார்கள்.

இந்த அலை இலங்கைக்கு வந்த வரலாறு சுவையானது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்த எட்வேட் ஹாப்பர் என்பார், 1923ஆம் ஆண்டில், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் உறுப்புகளைக்கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்து, மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். இந்நாட்டின் ஒலிபரப்புப் பேச்சோடு தொடங்காமல் இசையோடு தொடங்கியது என்பது ஈண்டு கருதத்தக்கது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் வெலிக்கடையிலிருந்து முறையான சேவை ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் தன் வீரர்களுக்கென ஏக்கலையில் நிறுவிய வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பி போரின்பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1967இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது.

வர்த்தக சேவையின் வெற்றிக்கு அதன் திறமை ஒருபாதிக் காரணம். அயல்நாட்டின் முடிவொன்று மறுபாதிக் காரணம். 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், செந்நெறி இசையை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியிலிருந்து திரையிசையை விலக்கினார். நோக்கம் உயர்ந்ததாயிருக்கலாம். ஆனால் கேட்போர் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டனர். மயில்வாகனம் என்ற பெயர் தமிழகத்துத் தேநீர்க்கடைகளில் வீட்டுப்பெயராயிற்று. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கித்தான் இந்திய வானொலி அவர்களை மீட்க முயன்றது. மக்கள் எதைக் கேட்கவேண்டும் என்று மேலிருந்து முடிவுசெய்யும் நிலையம் கேட்பாரை இழக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற் பாடம். மென்மையான ஜாஸ் இசையை மட்டும் தருவேன் என்று புறப்படும் எந்த நிலையத்தலைவனும் இதனை மறத்தலாகாது.

எங்கள் வீட்டுக்கு வானொலிப்பெட்டி வந்தது 1960களின் பிற்பகுதியில். லயங்களில் அன்று மின்சாரம் இல்லை; திரான்சிஸ்டர் பெட்டி வந்திராவிட்டால் வானொலி துரை பங்களாவோடும் கிளாக்கர் வீட்டோடும் நின்றிருக்கும். பற்றரி விலை அப்பாவின் கைக்காசை மென்றது. ஆகையாற் கேட்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. காலையிற் பெரட்டுக்குப் போகுமுன் சிறிது நேரம். மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபின் செய்தி. இரவில் ஒரு மணி நேரம். பற்றரி தளர்ந்தால் அதனை வெயிலில் வைப்பார்கள். தலவாக்கலையில் வெயில் எத்தனை நாள்! மழைமூட்டத்தில் அடுப்புத்திட்டின் ஓரமே அதற்கு வெயிலாயிற்று. அளந்து கேட்டதனாற்போலும், கேட்ட ஒவ்வொரு பாட்டும் நினைவில் நின்றது. 'பொங்கும் பூம்புனல்' தொடங்கும் இசை காதில் விழுந்தால் இன்றும் எனக்கு ஈரக் கம்பளியின் மணமும் சாயத்தண்ணியின் சூடும் நினைவுக்கு வருகின்றன.

ஜாஸ் இசையை நான் முதன்முதற் கேட்டது சிற்றலையில். அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் என்னும் அறிவிப்பாளர் 1955 தொடக்கம் பல பத்தாண்டுகள் நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சி இரவுகளில் வந்துகொண்டிருந்தது. ஆங்கிலம் எனக்கு அப்போது எட்டாத பழம். ஆனால் அவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆங்கிலம் அறியாதவர்கள் உலகெங்கும் கேட்கிறார்கள் என்பதை அறிந்து சொன்னார். டியூக் எலிங்டன் குழுவின் இசையே அந்நிகழ்ச்சியின் முகப்பிசை. 1958இல் டேவ் புரூபெக்கின் குழுவும், 1963இல் எலிங்டனின் குழுவும், அமெரிக்க அரசுத் திணைக்களத்தின் அனுசரணையில் இலங்கைக்கு வந்து வாசித்துச் சென்றன என்பதைப் பேராதனைக்கு வந்தபின் நூலகத்திற் படித்தறிந்தேன். அவ்விசை கொழும்பிலிருந்து மலைக்கு ஏறவில்லை, அலையில்தான் ஏறியது.

என் தாய்மாமன் ஒருவர் பகலிற் கவ்வாத்து வெட்டுவார். திருவிழாக் காலத்திற் தோட்டத்துக் கோயிலில் நாகசுரம் வாசிப்பார். ஓரிரவு சக்ஸபோன் தனியே நீண்டு ஒலித்தபோது அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திக் காது கொடுத்தார். வாசிப்பு முடிந்தபின், "மாப்பிள்ளே, இது எழவு வீட்டுப் பாட்ட எடுத்துக்கிட்டுப் போயி கலியாண வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஜாஸ் இசையைப் பற்றி அதன்பின் நான் படித்த நூல்கள் பல. மாமன் சொன்ன ஒரு வாக்கியத்தை அவை விரித்துரைத்தன என்றே சொல்வேன்.

ஏனெனில், ஜாஸ் இசையின் வேர்களில் ஒன்று தோட்டத்தில் இருக்கின்றது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்களின் வேலைப்பாட்டும், தேவாலயப் பாட்டும், துயரப்பாட்டும் 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் நகருக்கு வந்தன. நியூ ஓர்லியன்ஸ் நகரில் அவை பித்தளைக் குழலையும் பறையையும் கைக்கொண்டு புதிய இசையாயின. ஒருவர் அழைக்க மற்றவர் மறுமொழி பாடும் முறை அதன் உயிர்நாடி. 1917இல் முதலாவது ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. 1927இன் இறுதியில் நியூயோர்க் நகரக் கேளிக்கை விடுதியொன்றில் வாசிக்கத் தொடங்கிய எலிங்டனின் குழு, அங்கிருந்து நிகழ்ந்த வானொலி ஒலிபரப்புகளால் நாடறிந்ததாயிற்று. அவ்வொலிபரப்புகள் யாவும் மத்திய அலையில் நிகழ்ந்தவை. பண்பலை முறைக்கு எட்வின் ஆம்ஸ்ட்ரோங் காப்புரிமை பெற்றது 1933இலேயே. அவ்விடுதியின் மேசைகளிற் கறுப்பு மக்களுக்கு இடமில்லை. ஆனால் மேடையில் எழுந்த அவர்களின் இசை, விடுதிக் கதவைக் கேளாமலே வெளியேறி நாடெங்கும் சென்றது. அலைக்கு வாயிற்காவலன் இல்லை.

எங்கள் மலைகளிலும் அழைப்பும் மறுமொழியுமாகப் பாட்டு இருந்தது. கொழுந்து மலையில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்ந்த தெம்மாங்கு இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் இருந்தன. விடியலிற் பெரட்டுக்கு அழைத்த தப்பும் இருந்தது. கண்டிச் சீமைக்கு வந்த வழிநடைத் துன்பமும், கங்காணியின் கணக்கும், துரையின் சப்பாத்தும் அப்பாடல்களில் இடம்பெற்றன. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். இரண்டு தோட்ட மக்களும் பாடினார்கள். ஒரு மக்களின் பாட்டு இசைத்தட்டும் வானொலியும் ஏறி உலகை வலம்வந்தது. மற்றவரின் பாட்டோ பெரும்பாலும் புத்தகத்துக்குட் போயிற்று. புத்தகத்துக்காவது போயிற்றே என்று மனம் ஆறுகிறோம்.

தொகுத்தவரின் பெயரைச் சொன்னபின் தலவாக்கலையைப் பற்றி ஒன்று சொல்லாமற் செல்லவியலாது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இத்தொகுதி மக்கள் தங்கள் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது அந்தச் சி. வி. வேலுப்பிள்ளையையே. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. கவிஞரைத் தெரிந்தனுப்பிய மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டன. ஒரு மனிதனின் பெயரை அரசாங்கத்தின் தாளொன்றிலிருந்து எடுத்துவிட்டால் அவன் எங்கே இருக்கிறான்? 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம் இதற்கொரு விடை கூறிற்று: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவில்; மூன்று இலட்சம் பேர் இலங்கையில்; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம். 1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பங்கிட்டனர்.

அந்த ஆண்டுகளிலேயே வர்த்தக சேவையின் 'நேயர் விருப்பம்' எங்கள் லயங்களிற் பெருநிகழ்ச்சியாக விளங்கிற்று. தபாலட்டையில் விரும்பும் பாட்டையும், கேட்க விரும்புவோர் பெயர்களையும், தோட்டத்தையும் டிவிசனையும் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். "எல்லாப் பேரையும் போடு, ஒண்ணையும் விட்டுறாதே" என்பதே எல்லோரதும் வேண்டுகோள். லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம, வட்டகொடை, கொட்டகலை என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்போது லயம் முழுவதும் மூச்சடக்கி நிற்கும். தங்கள் பெயர் வந்துவிட்டால், அதன்பின் ஒலிக்கும் பாட்டை யாரும் கேட்பதில்லை! பாட்டுக்காகப் பெயர் என்பது நிலையத்தின் எண்ணம். பெயருக்காகப் பாட்டு என்பதே எங்கள் நிலை. எந்த இடாப்பிலும் இல்லாத பெயரை, அச்சரம் பிசகாமல், மரியாதையான தமிழில், நாடு முழுவதும் கேட்க ஒருவர் வாசிக்கிறார். அதற்கு அக்காலத்தில் எங்களிடம் வேறு சான்றிதழ் இருந்ததில்லை.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்காள் இருந்தார். 1970களின் நடுப்பகுதியில் அவர் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. தட்டுமுட்டுச் சாமான்களை விற்று, தலைமன்னார் இரயிலேறி, கப்பலிற் புறப்பட்டார்கள். புறப்படுமுன் அவர் ஒரு தபாலட்டை போட்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஓரிரவு, அவர் பெயரும் அவர் பிள்ளைகளின் பெயர்களும், அவர்களைத் தொடர்ந்து எங்கள் வீட்டார் அனைவரின் பெயர்களும் வானொலியில் வந்தன. 'தலவாக்கலையிலிருந்து' என்று அறிவிப்பாளர் வாசித்தார். என் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்துவந்து, அடைத்துக்கிடந்த பக்கத்துக் காம்பராவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமற் போய் உட்கார்ந்தார். அரசாங்கங்கள் இரண்டின் பதிவேடுகளின்படியும் அக்காள் அந்நேரம் இந்த நாட்டில் இல்லை. வானொலியின்படி மட்டும் அவர் இன்னும் தலவாக்கலையில் இருந்தார்.

பாட்டு எதுவென்று கேட்பீர்களாயின், நினைவில்லை. முன்னரே கூறினேன் அல்லவா?

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். மென்மையான ஜாஸ் என்பது அமெரிக்காவில் 1980களில் வானொலி நிலையங்களின் தேவைக்கேற்ப உருப்பெற்ற வடிவம். 1987இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பண்பலை நிலையமொன்று அதனையே தன் தொழிலாகக் கொண்டது; வேறு நகரங்கள் அதனைப் பின்பற்றின. அலுவலகத்திலும் மருத்துவர் வீட்டுக் காத்திருக்கும் அறையிலும் யாரையும் இடையூறு செய்யாமல் ஓடக்கூடிய இசை அது. இடையூறு செய்யாத இசையைக் கேட்பார் விரைவில் மறந்தும் போவர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் இருந்த இத்தகைய நிலையங்கள் வேறு நிகழ்ச்சிகளுக்கு மாறிவிட்டன. மாமன் கண்ட இழவு வீட்டையும் கலியாண வீட்டையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள முற்றத்தை மட்டும் பெருக்கித் துப்புரவாக்கி வைத்தாற் போன்றது அது. மென்மை குற்றமன்று. எதைக் கழித்து மென்மையாக்கினோம் என்பதே வினா.

எனவே, எனது நிலையத்தில் ஜாஸ் இருக்கும்; ஆனால் அதன் பெற்றோரும் உடன்பிறந்தாரும் உடனிருப்பர். சக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்திய கத்ரி கோபால்நாத்துக்கு ஒரு மணிநேரம் உண்டு. நாகசுரக் குடும்பத்திற் பிறந்த அவரது வாசிப்பைத் தமிழ்க் காதுகள் 'டூயட்' திரைப்படத்தின் வழி 1994இல் நன்கு அறிந்துகொண்டன. இலங்கை வானொலி வளர்த்த ஈழத்து மெல்லிசையும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசையும் உண்டு. ஆபிரிக்கரும் போர்த்துக்கேயரும் விட்டுச்சென்ற தாளம் பைலாவின் வழி அவற்றிற் கலந்திருப்பதால், ஜாஸ் இசைக்கு அவை தூரத்து உறவே. தெம்மாங்கும் ஒப்பாரியும் தப்பும் உண்டு. தோட்டங்களில் இன்றும் பாடக்கூடிய மூதாட்டிகள் இருக்கும்போதே அவற்றைப் பதிவுசெய்தல் நிலையத்தின் முதற் செலவாக இருக்கும். இசைத்தட்டு வாங்குவது இரண்டாவது செலவு.

செலவு என்றதும் காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். உள்ளூர் நிலையமொன்றுக்கு ஒரு கிலோவோற் ஒலிபரப்பி போதும். தலவாக்கலையில் நதியை மறித்து 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்தின் கொள்ளளவு 150 மெகாவோற்; அதில் நூற்றைம்பதாயிரத்தில் ஒரு பங்கே எங்கள் அலையின் வலிமை. ஆனால் மத்திய அலைக்குக் கம்பம் பெரிது. 1000 கிலோஹேர்ட்ஸில் அலையின் நீளம் 300 மீற்றர்; அதன் காற்பங்கு உயரம் கொள்ளும் கம்பத்துக்கு 75 மீற்றர் வேண்டும்; அதன் அடியில் நிலத்துள் விசிறியாகச் செப்புக்கம்பி புதைக்கவேண்டும். மலையின் பாறைநிலம் நில அலையை இலகுவிற் கடத்துவதன்று என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் நீண்ட அலை மலைமுடிகளில் ஓரளவு வளைந்து பள்ளத்தாக்குகளில் இறங்கும். பண்பலையோ நேர்கோட்டிற் செல்வதால் மலையின் மறைவில் நிழல் விழும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் வேளைகளில் மத்திய அலை கரகரவென்று இரையும். அவ்வேளையில் தப்பை ஒலிபரப்பலாம், வித்தியாசம் தெரியாது.

முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1989இல், எங்கள் ஊருக்கு அணித்தாக, கொத்மலையிற் சமூக வானொலி நிலையமொன்று தொடங்கப்பட்டது. மகாவலித் திட்டத்தோடு இணைந்து வளர்ந்த அப்பண்பலை நிலையம், 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தையும் பயன்படுத்திற்று. நேயர்கள் கேட்கும் ஐயங்களுக்கு விடையை இணையத்தில் தேடி, அவர்களது மொழியில் வானொலியிலேயே விளக்கினார்கள். உலகின் பல நாடுகள் அம்முயற்சியை ஆராய்ந்தன. நிலையம் சிறியதாயிருந்தாலும், கேட்பவர் கேள்வி கேட்கலாம் என்ற வாயில் திறந்திருந்தால் அது பெரிய நிலையமாகிவிடுகின்றது.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை ஒப்புதல் வேண்டும். மத்திய அலையின் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஜெர்மனியின் பொது ஒலிபரப்புச் சேவைகள் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு அதனைக் கைவிட்டன. எங்கள் மலைகளிலும் 1990களின் இறுதி தொட்டுத் தனியார் பண்பலைகள் நிறைந்துள்ளன. இளைஞர் கைகளிற் செல்லிடத் தொலைபேசி இருக்கின்றது. லயத்து அலுமாரிகளில் எஞ்சியுள்ள பழைய பெட்டிகளிற் பற்றரி கசிந்து பச்சை பூத்திருக்கின்றது. ஆகவே என் நிலையம் பண்பலையிலோ இணையத்திலோ நடந்தாலும் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் மத்திய அலை எங்களுக்குக் கற்பித்த இரண்டு ஒழுங்குகளை அங்கும் கொண்டுசெல்லவேண்டும். நடுவை வலுவாக வைத்திரு, ஓரங்கள் உதிர்ந்தாலும் பாட்டு நிற்கும் என்பது ஒன்று. கேட்பவன் முகமற்றவன் அல்லன், அவனுக்குப் பெயரும் ஊரும் உண்டு என்பது மற்றொன்று. எண்ணிக்கையாக மட்டும் நேயரை அறியும் இன்றைய கருவிகளுக்கு இந்த இரண்டாவது ஒழுங்கு தெரியாது. அவை நமக்கு விருப்பமான பாட்டை நம்மைவிட நன்கு அறிந்து தருகின்றன. யாருக்காக அதை விரும்பினோம் என்று ஒருபோதும் கேட்பதில்லை.

குடியுரிமை வழங்குவதற்கான 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர் என்ற நிலைக்குச் சட்டப்படி முடிவுகட்டிற்று. பெயர்கள் இடாப்புக்குத் திரும்பின. ஆனால் 1949க்கும் 2003க்கும் இடையில் வாழ்ந்து முடித்தவர்கள் பலர். கடல் கடந்து, நீலகிரியில் 1968இல் தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தவர்கள் பலர். அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இருந்தபோது 'இந்தியாக்காரர்' என்றனர்.

நிலையத்தின் முதல்நாள் நிகழ்ச்சி நிரலை நான் எழுதி வைத்திருக்கின்றேன். விடியல் ஐந்து மணிக்கு, பெரட்டுக்கு முன், ஒரு தப்பொலி. அதன்பின் சக்ஸபோன் ஒன்று, தனியே. அதற்கடுத்து இசையில்லாத பத்து நிமிடங்கள். இசை நிலையத்தில் இது விதிமீறல் என்பதை அறிவேன். அப்பத்து நிமிடங்களில் அறிவிப்பாளர் பெயர்களை மட்டும் வாசிப்பார்: இருப்பவர் பெயர், போனவர் பெயர், தோட்டம், டிவிசன். எந்தப் பாட்டு வேண்டுமென்று அதன்பின் கேட்டுக்கொள்ளலாம்.